நூல்ல ஒரு குட்டி எலுமிச்சை மரம்: தொட்டி, மண்ணு, இலை, காய் எல்லாமே குரோஷால

ஊர்ல எங்க வீட்டு கிணத்தடியில ஒரு எலுமிச்சை மரம் இருந்துச்சு. பாத்திரம் கழுவுற தண்ணி, கை கால் கழுவுற தண்ணி எல்லாம் அதுக்குத்தான் போகும், வீட்டுக்கு யாராவது வந்துட்டா அம்மா உடனே என்னை அனுப்பி ரெண்டு காய் பறிச்சிட்டு வர சொல்லுவாங்க, கைய உள்ள விட்டு பறிக்கறதுக்குள்ள முள்ளு ரெண்டு இடத்துல கீறியிருக்கும். கார் நிறுத்த இடம் வேணும்னு அந்த மரத்தை எடுத்துட்டாங்க. நான் இப்போ இருக்கறது மூணாவது மாடி, பால்கனிக்கு வெயில் காலைல கொஞ்ச நேரம் எட்டிப் பாத்துட்டு போயிடும், ரெண்டு தடவை நர்சரில கன்னு வாங்கி வச்சேன், ரெண்டுமே இலை உதிர்ந்து காஞ்சு போச்சு. அப்புறம்தான் நூல்லயே ஒண்ணு போடலாம்னு உக்காந்தேன். மேஜை மேல வைக்கிற மாதிரி, தொட்டியோட சேர்த்து ஒரு ஜாண் உயரம் வரும். இதுவரைக்கும் நாலு மரம் போட்டுட்டேன், அதுல கத்துக்கிட்டதை எல்லாம் இங்க எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். நெட்ல எலுமிச்சை மரம்னு தேடினா வர்ற குரோஷா பேட்டர்ன் எல்லாத்துலயும் காய் ரெண்டு முனையிலயும் கூரா, காம்பு மாதிரி துருத்திக்கிட்டு இருக்கும். அது வெளிநாட்டு லெமன். நம்ம கடையில வாங்குற எலுமிச்சை அப்படியா இருக்கு? உருண்டையா, தோல் மெலிசா, கோலிக்குண்டு பெருசானா எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். புளியங்குடி பக்கம் எலுமிச்சை சந்தைக்கு போய் பாருங்க, மலை மாதிரி குவிச்சு வச்சிருப்பாங்க, ஒரு காய் கூட அந்த படத்துல இருக்கற மாதிரி இருக்காது. அதனால பேட்டர்ன் தேடறதுக்கு முன்னாடி ஒரு நிஜ கிளையை கையில எடுத்துப் பாருங்க. இலை எதிரெதிரா ஜோடியா வராது, இந்தப் பக்கம் ஒண்ணு, கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாறி மாறி வரும். நுனி இலை எல்லாம் இளம் பச்சை, உள்ள போகப் போக கரும்பச்சை. இலை காயை விட நீளம். இந்த மூணையும் மனசுல வச்சுக்கிட்டு போட்டாலே பாக்கறவங்க பேர் சொல்லாம எலுமிச்சைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

என்னென்ன வேணும்

நூல் நான் மில்க் காட்டன் 4 பிளை எடுத்துக்கறேன். அக்ரிலிக் உல்லன்லயும் போடலாம், வர்த்தமான், கங்கா மாதிரி பிராண்டு எல்லாம் எந்த ஊர் ஃபேன்ஸி ஸ்டோர்லயும் கிடைக்கும், ஆனா அதுல கொஞ்ச நாள்ல பிசிறு எழும்பி இலை ஓரம் மழுங்கிடும், இலைக்கு ஓரம் தெளிவா தெரியணும், அதனால காட்டன்தான் என் ஓட்டு. கரும்பச்சை 50 கிராம் பந்து ஒண்ணு தாராளம், மிச்சம் கூட ஆகும். இளம் பச்சை, மஞ்சள், மரத்துக்கு பிரவுன், தொட்டிக்கு செங்கல் கலர், மண்ணுக்கு காப்பிப்பொடி கலர், இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். வீட்ல மிச்சம் கிடக்கற நூல் இருந்தா அதே போதும், கனம் மட்டும் ஒரே மாதிரி இருக்கணும்.

குரோஷா ஊசி, அதாவது நுனியில கொக்கி இருக்கற ஊசி, 2.5 மி.மீ. இந்த அளவு முக்கியம். நூல் கவர்ல 3.5 ஊசின்னு போட்டிருந்தாலும் பஞ்சு அடைக்கிற வேலைக்கு சின்ன ஊசிதான் எடுக்கணும், இல்லன்னா கண்ணிக்கு, அதாவது ஒவ்வொரு பின்னலுக்கும், நடுவுல ஓட்டை விழுந்து உள்ள இருக்கறது எல்லாம் வெளிய தெரியும்.

கம்பிக்கு கிராஃப்ட் கடைக்கு போக வேண்டாம், ஹார்டுவேர் கடையில கட்டுக்கம்பின்னு கேளுங்க, கட்டட வேலையில கம்பி கட்டறவங்க வச்சிருப்பாங்களே அதுதான், 18 கேஜ். கையாலயே வளையும், வளைச்சா அப்படியே நிக்கும். ஒரே குறை, கறுப்பா எண்ணெய் பிசுக்கு ஒட்டும், துரு பிடிக்கும். அதனால பழைய துணியால நல்லா துடைச்சிட்டு மேல மாஸ்கிங் டேப் சுத்திடணும். இதை விட்டுட்டா மழைக்காலத்துல துரு நூலுக்குள்ள இறங்கி கறை வெளிய வந்துடும்.

பஞ்சுக்கு தலையணைக்கு போடற ரெக்ரான் நல்லது. இலவம் பஞ்சுல கண்ணி வழியா பூவா பறந்து வரும், வேண்டாம். அப்புறம் கண்ணு பெருசா உள்ள ஸ்வெட்டர் ஊசி ஒண்ணு, துணிக்கு ஒட்டற பசை, தடிமனான அட்டை, கத்திரி, சுத்து எங்க ஆரம்பிச்சோம்னு அடையாளம் வைக்க ஒரு ஊக்கு.

தொட்டிக்கு கனம் கொடுக்க கூழாங்கல். இதுல நான் பட்டதை சொல்லணும். ரெண்டாவது மரம் போடும்போது கல்லுக்கு எங்க போறதுன்னு சமையலறையில இருந்த பச்சைப்பயறை ரெண்டு கைப்பிடி போட்டு தைச்சு மூடிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு மேஜை மேல சாம்பல் மாதிரி மாவு உதிர்ந்திருந்துச்சு, என்னடான்னு தூக்கிப் பாத்தா தொட்டி கண்ணி வழியா குட்டி குட்டி வண்டு ஏறி வருது. மொத்த தொட்டியும் பிரிச்சு போட வேண்டியதாப் போச்சு. அரிசி, பயறு, புளியங்கொட்டை எதுவும் வேண்டாம். மீன் தொட்டிக்கு போடற கல்லோ கோலிக்குண்டோ போதும், கழுவி நல்லா காய வச்சிட்டு போடுங்க.

பேர் குழப்பம்

எங்க அத்தை கான்வென்ட்ல குரோஷா கத்துக்கிட்டவங்க, டிவி கவர், டேபிள் கவர், தலையணை உறைக்கு லேஸ் எல்லாம் அவங்க கைதான். நான் வீடியோ பாத்து சிங்கிள் குரோஷான்னு சொல்ற பின்னலை அவங்க டபுள்னு சொல்லுவாங்க, ரொம்ப நாள் யாரு சரின்னு எங்களுக்குள்ள வாக்குவாதம் நடந்துச்சு. ரெண்டு பேருமே சரி. பிரிட்டிஷ் முறையில ஒரு பேரு, அமெரிக்க முறையில வேற பேரு, அவங்க டபுள்னு சொல்றது இவங்களுக்கு சிங்கிள். பழைய புக்கு வச்சு போடறவங்களுக்கு பெரும்பாலும் பிரிட்டிஷ் பேரு வரும், வீடியோல பெரும்பாலும் அமெரிக்க பேரு. நான் இங்க எழுதறது எல்லாமே அமெரிக்க பேரு.

செயின்னா ஊசியில இருக்கற வளையம் வழியா நூலை இழுத்து அடுத்த வளையம் பண்றது. ஸ்லிப் ஸ்டிச்னா ஊசிய கண்ணிக்குள்ள விட்டு இழுத்த நூலை, ஊசியில இருக்கற வளையம் வழியாவும் அப்படியே இழுத்துடறது. சிங்கிள்னா, ஊசிய கண்ணிக்குள்ள விட்டு நூலை இழுத்தா ஊசியில ரெண்டு வளையம் நிக்கும், திரும்ப நூலை சுத்தி ரெண்டு வழியாவும் இழுத்துடறது. அவ்வளவுதான். இந்த மரத்துல முக்கால்வாசி வேலை இதுதான். ஹாஃப் டபுள்னா ஊசியில முதல்லயே ஒரு சுத்து நூல் சுத்திக்கிட்டு உள்ள விட்டு இழுத்து, மூணு வளையம் வழியாவும் ஒரே இழுப்பா இழுக்கறது. டபுள்னா அதே மூணு வளையத்தை ரெண்டு ரெண்டா ரெண்டு தடவையில இழுக்கறது. இன்க்ரீஸ்னா ஒரே கண்ணில ரெண்டு சிங்கிள். டிக்ரீஸ்னா ரெண்டு கண்ணிய சேர்த்து ஒண்ணாக்கறது, அதை ரெண்டு கண்ணியோட முன் இழையை மட்டும் ஊசியில எடுத்து போட்டீங்கன்னா சேர்த்த இடமே தெரியாது. கண்ணி மேல ரெண்டு இழை தெரியும்ல, நம்ம பக்கம் இருக்கறது முன் இழை, அந்தப் பக்கம் இருக்கறது பின் இழை.

இந்த மாதிரி சுத்தி சுத்தி போட்டு பஞ்சடைக்கிற முறைக்கு ஜப்பான்ல அமிகுருமின்னு பேரு. நம்ம ஊர்ல குரோஷான்னா டேபிள் கவர்தான்னு ரொம்ப நாளா இருந்துச்சு, இப்போ நிலைமை மாறிடுச்சு. 2016 ஜனவரியில சென்னையில மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்ங்கற குழு ஆளுக்கு கொஞ்சமா போட்டு சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரிச்சு கின்னஸ் சாதனை பண்ணாங்க. அந்த செய்தியைப் பாத்துதான் பரண்ல கிடந்த அத்தையோட ஊசி டப்பாவை நான் கீழ இறக்கினேன்.

தொட்டி

செங்கல் கலர் நூல். மேஜிக் ரிங்ல ஆரம்பிக்கணும், அதாவது நூலை விரல்ல வளையமா சுத்தி அந்த வளையத்துக்குள்ளயே 6 சிங்கிள் போட்டு, வாலை இழுத்தா நடு ஓட்டை மூடிக்கும். சுத்து முடிஞ்சதும் ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூட வேண்டாம், அப்படியே சுருள் மாதிரி போய்க்கிட்டே இருக்கணும், ஒவ்வொரு சுத்தோட முதல் கண்ணிலயும் ஊக்கை மாட்டிக்கோங்க.

சுத்து 1: வளையத்துக்குள்ள 6.
சுத்து 2: எல்லா கண்ணிலயும் இன்க்ரீஸ், 12.
சுத்து 3: ஒரு சிங்கிள் ஒரு இன்க்ரீஸ், இப்படியே 6 தடவை, 18.
சுத்து 4: ரெண்டு சிங்கிள் ஒரு இன்க்ரீஸ், 24.
சுத்து 5: மூணு சிங்கிள் ஒரு இன்க்ரீஸ், 30.
சுத்து 6: நாலு சிங்கிள் ஒரு இன்க்ரீஸ், 36.
சுத்து 7: கண்ணியோட பின் இழையில மட்டும் ஊசிய விட்டு 36 சிங்கிள்.
சுத்து 8, 9, 10: சாதாரணமா 36.
சுத்து 11: அஞ்சு சிங்கிள் ஒரு இன்க்ரீஸ், 42.
சுத்து 12ல இருந்து 15 வரைக்கும்: 42.
சுத்து 16: முன் இழையில மட்டும், ஆறு சிங்கிள் ஒரு இன்க்ரீஸ், 48.
சுத்து 17, 18: 48. ஸ்லிப் ஸ்டிச் போட்டு நூலை வெட்டிடலாம்.

ஏழாவது சுத்துல பின் இழை எடுத்ததாலதான் அடிப்பாகம் தட்டு மாதிரி மடங்கி தொட்டி நேரா நிக்கும், இல்லன்னா கிண்ணம் மாதிரி உருளும். பதினாறாவது சுத்துல முன் இழை எடுத்ததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, தொட்டியோட வாய் விளிம்பு வெளிய தள்ளி நிக்கும், மானாமதுரை மண் தொட்டி வாயைப் பாத்திருப்பீங்கல்ல, அந்த மாதிரி. ரெண்டாவது, உள்பக்கம் 42 பின் இழை சும்மா நிக்கும், அதுலதான் அப்புறம் மண்ணை தைக்கப் போறோம். வி எழுத்து மாதிரி அடுக்கடுக்கா தெரியுற பக்கம்தான் வெளிப்பக்கம், புதுசா போடறவங்களுக்கு தொட்டி தானா உள்பக்கம் வெளிய திரும்பியிருக்கும், ஆறாவது சுத்துலயே திருப்பிப் பாத்துக்கோங்க.

அட்டையில 4.5 செ.மீ. அகலத்துல ஒரு வட்டம் வெட்டி அடியில போடுங்க. இன்னொரு அட்டை, 4 செ.மீ. உயரத்துக்கு நீளமா பட்டையா வெட்டி உள்ள சுத்தி நிக்க வச்சுடுங்க, அப்பதான் கல்லு போட்டாலும் வெளிய முட்டிக்கிட்டு தெரியாது. ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு இறுக்கம், உங்க தொட்டிய அளந்துட்டு அட்டைய வெட்டுங்க.

மண்ணு

இது நடுவுல ஓட்டை உள்ள தட்டு, அதனால மேஜிக் ரிங் கிடையாது. காப்பிப்பொடி கலர்ல 8 செயின் போட்டு வளையமா சேர்த்து அந்த ஓட்டைக்குள்ள 12 சிங்கிள். அடுத்து 18, 24, 30, 36, 42ன்னு தொட்டி மாதிரியே கூட்டிக்கிட்டு போங்க. தைக்க ஒரு முழம் நூல் விட்டு வெட்டுங்க. 42ல நிக்குது பாத்தீங்களா, தொட்டிக்குள்ள சும்மா விட்ட இழையும் 42. கண்ணிக்கு கண்ணி பொருந்தி உக்காரும்.

இலை

இதுதான் பொறுமையான வேலை. மொத்தம் 42 இலை, கரும்பச்சையில 30, இளம் பச்சையில 12. ஒரு இலைக்கு மூணு நாலு நிமிஷம் ஆகும், பஸ்ல போகும்போது, சீரியல் பாக்கும்போதுன்னு போட்டு ஒரு டப்பாவுல சேர்த்து வச்சுக்கோங்க.

8 செயின் போடுங்க. ஊசியில இருந்து ரெண்டாவது செயின்ல ஆரம்பிச்சு வரிசையா ஸ்லிப் ஸ்டிச், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள், ஸ்லிப் ஸ்டிச். ஒரு பக்கம் ஏழு கண்ணி ஆச்சு. ஒரு செயின் போட்டு திருப்பாம அப்படியே செயினோட அடிப்பக்கத்துக்கு சுத்தி வந்து அதே ஏழையும் அதே வரிசையில போடுங்க. கடைசியில 10 செ.மீ. வால் விட்டு வெட்டுங்க. ஆரம்பத்துல போட்ட வாலும், கடைசி வாலும், ரெண்டும் ஒரே முனையில வரணும், அதுதான் காம்புப் பக்கம். ஆரம்ப வால் செயின் முதல் கண்ணில இருக்கும், அது அந்தப் பக்க முனை, அதனால அதை மட்டும் ஸ்வெட்டர் ஊசியில கோத்து இலையோட முதுகு வழியா நடு நரம்பு ஓரமா காம்புக்கு கொண்டு வந்துடுங்க. அப்படி இழுக்கும்போது கொஞ்சம் இறுக்கி இழுத்தா இலை நடுவுல லேசா குழிஞ்சு வளையும், நிஜ எலுமிச்சை இலை மாதிரியே. ஒரு இலை 2.8 செ.மீ. பக்கம் வரும்.

எல்லா இலையும் ஒரே அச்சா இருக்கணும்னு கிடையாது. பத்து இலைக்கு 7 செயின்ல ஆரம்பிச்சு ஒரு ஹாஃப் டபுளை விட்டுட்டு சின்னதா போடுங்க, கிளை நுனிக்கு அழகா இருக்கும்.

கம்பியும் மரமும்

24 செ.மீ. நீளத்துல நாலு கம்பி வெட்டிக்கோங்க. நாலையும் சேத்து பிடிச்சு அடியில 2 செ.மீ. விட்டுட்டு, அதுக்கு மேல 12 செ.மீ. வரைக்கும் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்குங்க. மேல மிச்சம் இருக்கற நாலு கம்பியும் நாலு கிளை. ஒவ்வொரு கிளை நுனியையும் 1 செ.மீ. பின்னால மடிச்சு நசுக்கிடுங்க, குழந்தைங்க இருக்கற வீட்ல இது கண்டிப்பா பண்ணணும். நடு மரம், கிளை எல்லாத்துக்கும் டேப் சுத்திடுங்க. நாலு கிளையும் ஒரே இடத்துல இருந்து பிரியாம, ஒண்ணை மட்டும் ரெண்டு செ.மீ. கீழயே பிரிச்சு விட்டா மரத்துக்கு உயிர் வரும். நட்டுவச்ச குடைக்கம்பி மாதிரி நாலும் ஒரே உயரத்துல விரிஞ்சா மரம்னு தோணாது.

மரத்து மேல போத்தறதுக்கு பிரவுன் நூல்ல 26 செயின், ரெண்டாவது செயின்ல இருந்து 25 சிங்கிள், திருப்பி ஒரு செயின், அடுத்து பின் இழையில மட்டும் 25, இப்படி மொத்தம் 6 வரிசை. 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை கிடைக்கும், நீளவாக்குல மேடு பள்ளமா கோடு கோடா இருக்கும். அதை மரத்து மேல போத்தி ரெண்டு ஓரத்தையும் சேத்து தைச்சிட்டா அந்த கோடு எல்லாம் பட்டை வெடிச்ச மாதிரி தெரியும். சுத்தி சுத்தி குழாயா போட்டா மோதிரம் அடுக்கின மாதிரி இருக்கும், தென்னை மரத்துக்கு சரி, எலுமிச்சைக்கு வராது. தைக்கிற கோடு மரத்தோட பின்பக்கம் வரட்டும். மேல கிளை பிரியுற இடத்துல இருந்து ஆரம்பிச்சு கீழ வாங்க, பட்டையோட கடைசி 2 செ.மீ. தொட்டிக்குள்ள போயிடும்.

இலை கட்டறது

இதுக்கு தைக்கவே வேண்டாம், பூக்கட்டற மாதிரிதான். உண்மையிலயே பூக்காரம்மா மல்லிப்பூ கட்டறதை பாத்துதான் எனக்கு இந்த வழி தோணுச்சு, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு இலையா தைச்சு விரல் நோகும்.

கிளை நுனியில பசை ஒரு பொட்டு வச்சு, முதல் இளம் பச்சை இலைய நுனிய தாண்டி நிக்கற மாதிரி வச்சு, அதோட ரெண்டு வாலையும் கம்பியோட ஒட்டி கீழ் நோக்கி இழுத்துப் பிடிங்க. இப்போ பிரவுன் நூலை நுனியில இருந்து இறுக்கமா, ஒரு சுத்துக்கு பக்கத்துல அடுத்த சுத்து ஒட்டி உக்காரற மாதிரி சுத்திக்கிட்டே வாங்க. நாலஞ்சு சுத்து ஆனதும் அடுத்த இலைய இடது பக்கம் வச்சு அதோட வாலையும் உள்ள விட்டு மேல சுத்துங்க. இன்னும் நாலஞ்சு சுத்து, அடுத்த இலை வலது பக்கம். இப்படியே மாறி மாறி. ஒரு கிளைக்கு 9 இலை, முதல் மூணு இளம் பச்சை, மிச்சம் ஆறு கரும்பச்சை. பழைய வால் எல்லாம் உள்ளயே மாட்டிக்கிட்டு இறுகிடும், ரெண்டு இலை தாண்டினதும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற வாலை வெட்டிடலாம், இல்லன்னா கிளை அடியில ரொம்ப தடிச்சிடும். இடையில அங்கங்க பசை தொட்டுக்கோங்க. கட்டை விரல் நகத்தால சுத்தின நூலை நுனிப் பக்கமா தள்ளி விட்டுக்கிட்டே வந்தா நடுவுல டேப் தெரியாது.

நாலு கிளையும் முடிஞ்சா 36 இலை போயிருக்கும். மிச்சம் 6 கரும்பச்சை இலை இருக்கும்ல, அது கிளை பிரியுற இடத்துல டேப், தையல் எல்லாம் மறைக்கறதுக்கு.

நடறது

இந்த வரிசைய மாத்திடாதீங்க. முதல்ல மண்ணு தட்டை கீழ இருந்து மரத்துல மாட்டி மேல ஏத்தி வச்சுக்கோங்க. அப்புறம்தான் அடியில விட்ட 2 செ.மீ. கம்பிய கோழிக்கால் மாதிரி நாலு பக்கமும் விரிக்கணும். முதல்ல கால விரிச்சிட்டா தட்டு உள்ள போகாது, மேல இருந்து மாட்டலாம்னா இலை எல்லாம் நசுங்கும்.

கோழிக்காலை தொட்டி அடி அட்டை மேல வச்சு ரெண்டு மூணு துண்டு டேப் போட்டு ஒட்டிடுங்க. மேல கல்லு போடணும், கல்லை பழைய சாக்ஸ் துணியில முடிஞ்சு ரெண்டு சின்ன மூட்டையா மரத்துக்கு ரெண்டு பக்கமும் வச்சா சத்தம் வராது. இடுக்குல பஞ்சை ஊசியோட பின்பக்கத்தால குத்தி குத்தி அடைங்க, மரம் ஆடாம நிக்கற வரைக்கும் அடைக்கணும், மேல் பக்கம் லேசா குவிஞ்சு இருந்தா நல்லது, மண்ணு கொட்டி வச்ச மாதிரி இருக்கும். இப்போ தட்டை கீழ இறக்கி, தட்டோட ஒரு கண்ணி, தொட்டியோட ஒரு பின் இழைன்னு 42ஐயும் சேத்து தைச்சிடுங்க. நடு ஓட்டையையும் மரத்தோட நாலு தையல் போட்டு பிடிச்சிடுங்க.

காயும் பூவும்

காய் 7 போதும், அஞ்சு மஞ்சள், ரெண்டு பச்சை. வளையத்துக்குள்ள 6, அடுத்த சுத்து எல்லாம் இன்க்ரீஸ் பண்ணி 12, அதுக்கு மேல ரெண்டு சுத்து 12, கடைசி சுத்துல ஆறு டிக்ரீஸ், திரும்ப 6. வாலை அந்த ஆறு கண்ணியோட முன் இழைல கோத்து இழுத்தா சுருங்கி மூடிக்கும். டிக்ரீஸ் போடறதுக்கு முன்னாடி உள்ள அடைக்கணும், ஆனா வெள்ளைப் பஞ்சை அடைக்காதீங்க, மஞ்சள் நூலுக்கு நடுவுல வெள்ளை எட்டிப் பாக்கும். வெட்டிப் போட்ட மஞ்சள் நூல் துண்டுகளையே சுருட்டி அடைங்க. 1.5 செ.மீ. உருண்டை வரும், இலையில பாதிக்கு கொஞ்சம் மேல, அதுதான் சரியான அளவு. காய் பெருசா இருந்தா ஆரஞ்சு மரமா தெரியும், எனக்கு முதல் மரத்துல அப்படித்தான் ஆச்சு.

காய இலை கட்டின இடத்துக்கு அடியில கொஞ்சம் மறைவா தொங்க விடுங்க, ரெண்டு காய் சேந்தாப்ல ஒரு இடத்துல, மிச்சம் அங்கங்க. எல்லாத்தையும் முன்பக்கம் காட்டணும்னு நினைக்காதீங்க, நிஜ மரத்துல காயை இலைய விலக்கித்தான் தேடுவோம்.

பூ வேணும்னா மெல்லிசான வெள்ளை நூல்ல, ரெட் ரோஸ், ஆங்கர் மாதிரி குரோஷா நூல்ல, மேஜிக் ரிங் போட்டு அதுக்குள்ள ரெண்டு செயின் ஒரு ஸ்லிப் ஸ்டிச், இப்படி அஞ்சு தடவை போட்டு இறுக்கினா அஞ்சு இதழ் வந்துடும். நடுவுல மஞ்சள் நூல்ல ஒரு முடிச்சு. இளம் பச்சை இலைகிட்ட மூணு நாலு வச்சா போதும்.

பராமரிப்புன்னு பாத்தா தண்ணியில மட்டும் நனைச்சிடாதீங்க, உள்ள கம்பியும் அட்டையும் இருக்கு. தூசி படிஞ்சா பெயிண்ட் அடிக்கிற சின்ன பிரஷ்ஷால தட்டி விடலாம். நேரடி வெயில்ல வச்சா மஞ்சள் முதல்ல வெளுக்கும்.

என் மூணாவது மரம்தான் எனக்கே திருப்தியா வந்துச்சு, அதை ஊருக்கு எடுத்துட்டு போய் அம்மா கையில கொடுத்தேன். திருப்பி திருப்பி பாத்தாங்க, காயை தொட்டுப் பாத்தாங்க, முள்ளு எங்கன்னு கேட்டாங்க. அதுக்கு அப்புறம் போட்ட நாலாவதுல முள்ளும் வச்சேன். மெல்லிசான பிரவுன் குரோஷா நூல்ல பசை தடவி நேரா இழுத்துக் கட்டி ஒரு ராத்திரி காய விடுங்க, குச்சி மாதிரி விறைச்சிடும். அதை சாய்வா 1 செ.மீ. துண்டா வெட்டி, இலைக் காம்பு கிளையோட சேர்ற இடத்துல நூல் சுத்துக்கு நடுவுல ஊசியால ஒரு வழி பண்ணி, பசை தொட்டு பாதிய உள்ள சொருகுங்க. ஒரு கிளைக்கு நாலு முள்ளு வச்சா போதும், குத்தாது.